மெடியின் மௌனம்

வகுப்பில் ஒரு பிள்ளை ஒதுக்கப்படும்போது, ஒதுக்குபவரையும் ஒதுக்கப்படுபவரையும்தான் நாம் பார்க்கிறோம். அருகே நின்று வாய் திறவாதிருக்கும் மூன்றாவது பிள்ளை கண்ணிற் படுவதில்லை. அப்பிள்ளையையே கதையின் மையமாக்கியவர் அமெரிக்க எழுத்தாளர் எலினர் எஸ்டிஸ். 1944இல் வெளிவந்த அவரது 'நூறு உடைகள்' என்னும் சிறுவர் நூல் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

வாண்டா பெட்ரோன்ஸ்கி போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, தாயை இழந்தவள். அவளது பெயரே வகுப்பாருக்கு வேடிக்கை. நாள்தோறும் அதே சாயம்போன நீலச் சட்டையில் வருபவள், தன் வீட்டில் நூறு உடைகள் இருப்பதாக ஒருநாள் சொல்லிவிடுகிறாள். வகுப்பில் செல்வாக்கு மிக்க பெக்கி, அன்று தொடக்கம் அந்த உடைகளின் கணக்கை மரியாதைக் குரலிலேயே கேட்டுக் கேட்டு அவளை நோகடிக்கிறாள். (மரியாதைக் குரலில் செய்யப்படும் கேலியை ஆசிரியர்கள் கண்டுபிடிப்பது அரிது.)

பெக்கியின் உயிர்த்தோழி மெடி. அவளும் ஏழை. பெக்கியின் பழைய சட்டையைத் தாய் அடையாளம் தெரியாதபடி மாற்றித் தைத்துக் கொடுக்க, அதையே உடுத்துபவள். கேலியை நிறுத்தும்படி பெக்கிக்கு ஒரு குறிப்பு எழுதத் தொடங்குகிறாள். அடுத்த இலக்குத் தானாகலாம் என்ற அச்சத்தில் அதைக் கிழித்துவிடுகிறாள். நட்பை இழக்கும் பயமே இங்கு வாண்டாவைத் தனிமைப்படுத்துகிறது. பெக்கியின் நாக்கைவிட இந்தப் பயமே கொடியது என்பேன்.

ஏனெனில் வாண்டாவுக்கு வகுப்பு முழுவதன் அன்பும் தேவைப்படவில்லை. ஹொட்ஜஸ், புகோவ்ஸ்கி முதலிய உளவியலாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. ஒருவரையொருவர் உற்ற நண்பராகக் குறிப்பிடும் ஒரேயொரு தோழமை உள்ள பிள்ளையை, சகபாடிகளின் கொடுமை அந்த அளவுக்குப் பாதிப்பதில்லை. மெடி ஒருத்தி போதுமானவளாக இருந்தாள். அந்த ஒருத்தி பெக்கியின் பக்கத்தில் நின்றாள்.

வாண்டாவின் நூறு உடைகளும் அவள் வரைந்த ஓவியங்களே. அவை பரிசு பெற்றுப் பாடசாலைச் சுவரை நிறைக்கும் வேளையில், கேலி தாங்காத குடும்பம் ஊரைவிட்டே போய்விடுகிறது. இரு தோழியரும் எழுதும் கடிதத்துக்கு நெடுநாட்களின் பின்பே பதில் வருகிறது. ஆளுக்கொரு படத்தை அன்பளிப்பாக்கியிருக்கிறாள் வாண்டா. உற்றுப் பார்த்தால், படங்களிலுள்ள முகங்கள் பெக்கியினதும் மெடியினதும். அவளுக்குத் தங்களைப் பிடித்துத்தான் இருந்தது என்று பெக்கி ஆறுதல் கொள்கிறாள். மெடியும் ஆமென்கிறாள். ஆயினும், பாடசாலை முற்றத்துச் சுவரோரம் தனியே நின்ற அந்த நீலச் சட்டை நினைவுக்கு வரும்போதெல்லாம் அவளுக்குக் கண்ணீர் முட்டுகிறது.