கடலுக்கு ஒரு சட்டம், மலைக்கு ஒரு சட்டமா?

(நெடுந்தீவில் தொழிலாளர்கள் மத்தியில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



குறிகட்டுவானில் படகேறி ஒரு மணித்தியாலம் ஆடி ஆடி வந்து சேர்ந்தோம். மலை ஏறிப் பழகிய கால்களுக்குக் கடல் ஒத்துவரவில்லை. எங்களில் பாதிப்பேருக்கு வாந்தி!

காற்றுப் பலமாக வீசினால் இங்கே படகு நிற்கிறது. ஆசிரியருக்கும் நோயாளிக்கும் மீன் கொண்டுபோகிறவருக்கும் அதனால் நட்டம்தான். ஆனாலும் ஓடச் சொல்லி யாரும் அடம்பிடிப்பதில்லை.

உங்கள் குமுதினி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் படகு. மலையகத்தின் பெரிய வீதிகளும் அதே சபையின் கையில்தான். கடலில் வானிலை பார்க்கிறவர்கள் நானுஓயா வளைவில் ஏன் பார்ப்பதில்லை?

20 மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. பஸ் 40 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது. அதாவது வினாடிக்கு 11 மீற்றர். சாரதி எதையாவது கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் பாதித் தூரம் போய்விடும். மிச்சம் ஈரத் தார். பலகையிலோ வெயிலுக்கும் பனிக்கும் ஒரே எண்.

2023 ஜனவரியில் நானுஓயாவில் 7 பேர், 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவற்றுக்கு மழைமேல் பழிபோட நாங்கள் வரவில்லை. ஆனால் அந்தப் பள்ளங்கள் மூடுபனியிலும் அங்கேதான் இருக்கின்றன.

முடியாத காரியமா? தெற்கு அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றர் ஓடலாம். கடும் மழையில் 60க்குக் குறைக்கச் சொல்லி அறிவிக்கிறார்கள். காருக்குக் கிடைக்கும் அந்தக் கரிசனை லயத்துச் சனம் ஏறும் பஸ்ஸுக்கு இல்லை. அமெரிக்காவின் ஸ்னோகுவால்மி கணவாயில் பனிக்கும் மழைக்கும் ஏற்ப மின்பலகையில் வேக எண்ணே மாறுகிறது. இங்கேயும் மழை அளக்கிறார்கள்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மண்சரிவுக்கு விழிப்பாயிருக்கச் சொல்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அந்த அளவை வீதிக்கும் பயன்படுத்தலாம். மின்பலகைக்குக் காசில்லையென்றால் வளைவுக்கு முன்னால் வெள்ளைக் கம்பங்கள் நடட்டும்: மூன்றாவது கம்பம் தெரியாவிட்டால் 20க்கு மேல் ஓடாதே. அவ்வளவுதான்.

ஆனால் பலகை மட்டும் போதாது. வசூலுக்கு ஓடும் சாரதி, பிந்தினால் அன்றைய காசை இழக்கிறார். அவர் எப்படி மெதுவாக ஓட்டுவார்? பிந்தி இறங்குகிற பெண்ணுக்குத் தோட்டத்தில் அரைப் பேர். ஆகவே, மூடுபனி நாளில் நேர அட்டவணையைத் தளர்த்து, முழுப் பேர் போடு என்று கேட்கிறோம். உங்கள் படகு நிற்கும் நாளின் கூலியையும் இதோடு சேர்த்தே பேசுவோம். அதற்கு நீங்களும் வாருங்கள்.