தழும்பு ஹேர்னியா: சத்திரசிகிச்சைக்கு முந்திய கிழமைகள்

(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சத்திரசிகிச்சைத் துறையில் இருக்கும் பழைய மாணவிகள் சிலர் சேர்ந்து ஆயத்தம் செய்த உரை இது. சபையில் பேசக் கூச்சப்படும் விடயத்தையே எடுத்துள்ளோம். சிசேரியன், கர்ப்பப்பை அகற்றல் போன்றவற்றின் பின், பழைய தழும்பின் வழியே குடல் புடைத்து வருவதுண்டு. பெண்கள் பலர் இதனைச் சேலைக்குள் மறைத்து, துணியால் இறுகக் கட்டிக்கொண்டு வருடக்கணக்கில் காலந்தள்ளுகிறார்கள். மகளின் கலியாணம் முடியட்டும் என்பார்கள். பிறகு வந்து, "அடுத்த கிழமையே செய்துவிடுங்கோ, நான் கனடாவுக்குத் திரும்பவேணும்" என்பார்கள்.

அந்த அவசரம் ஆகாது. நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்தவரின் அறையை வீட்டிலுள்ளவர்கள் எடுத்துக்கொள்வதுபோல, வெளியே போன குடலின் இடமும் வயிற்றுக்குள் சுருங்கிவிடும். பக்கத் தசைகள் கட்டையாகிவிடும். திடீரென உள்ளே தள்ளித் தைத்தால் பிரிமென்தகடு மேலெழுந்து மூச்சு முட்டும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஆகவே முதலில் சி.ரி. ஸ்கான் எடுத்து, துவாரத்தின் அகலத்தையும் வெளியே உள்ளதன் கனவளவையும் அளக்கிறோம். 10 சென்ரிமீற்றருக்கு மேல் அகன்றதை மூடுவது எளிதல்ல. வசதியுள்ள இடங்களில், சுமார் 4 கிழமைக்கு முன்பே பக்கத் தசைகளில் பொட்டுலினம் ஊசி போட்டுத் தளர்த்துவார்கள். முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே மருந்துதான்! ஆர்ஜென்ரீனாவின் கோனி மொரேனோ 1940களிலேயே வயிற்றுக்குள் சிறிது சிறிதாகக் காற்றேற்றி இடத்தை விரிக்கும் வழியைக் காட்டியிருந்தார்.

மற்றவை உங்கள் கையில். மூன்று மாதச் சீனி நிலையைக் காட்டும் எச்பிஏ1சி 8 வீதத்துக்கு மேலிருந்தால் திகதியைத் தள்ளிவைப்பதே நல்லது. காயத்தில் கிருமி தொற்றினால் உள்ளே வைத்த வலையையே எடுக்க நேரலாம். புகைப்பவர் குறைந்தது 4 கிழமை நிறுத்தவேண்டும். இதை வீட்டிலுள்ள ஆண்களுக்கும் சொல்லுங்கள். நிறையைக் குறையுங்கள், ஆனால் பட்டினி கிடக்கவேண்டாம். மீன், முட்டை, பருப்பு இல்லாமல் புண் ஆறாது. பழைய டயக்னோசிஸ் காட்டை எறிந்துவிடாதீர்கள். முன்பு வலை வைத்தார்களா, எந்தப் படையில் வைத்தார்கள் என்பதை அறிவது எங்களுக்கு ஸ்கானுக்குச் சமம்.

இத்தனை காத்திருப்பும் அமைதியாயிருக்கும் ஹேர்னியாவுக்கே. புடைப்பு உள்ளே போக மறுத்து, கடும் வலி, வாந்தி, தோல் சிவத்தல் கண்டால் குடலின் இரத்தோட்டம் தடைப்பட்டிருக்கலாம். கிளினிக் திகதி வரும்வரை பொறுக்கவேண்டாம். கலியாண வீட்டில் இருந்தாலும் எழும்பி அப்போதே வைத்தியசாலைக்குப் போங்கள்.