கைட்டூனா ஆற்றில் ஒன்பது வரை எண்ணினேன்

(மூத்த குடிமக்கள் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



36 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். கவுண்டருக்குப் பின்னால் இருந்து பேசித்தான் பழக்கம், மைக் முன்னால் பழக்கமில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளும் மாப்பிள்ளையும் நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரத்தில் இருக்கிறார்கள். அங்கிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம் போனால் ரோட்டருவா. பூமிக்குள்ளிருந்து வெந்நீர் பீறிடுகிற ஊர். காரை விட்டு இறங்கியதுமே கந்தக வாடை மூக்கில் ஏறும். அதற்குப் பக்கத்தில்தான் கைட்டூனா ஆறு. மாவோரி மொழியில் ‘கை’ என்றால் உணவு, ‘டூனா’ என்றால் விலாங்கு மீன். ரோட்டோயிட்டி ஏரியில் புறப்பட்டு வடக்கே கடலில் சேர்கிறது. இதன் வேகத்தைப் பார்த்து 1901-லேயே ஓகெரே என்ற இடத்தில் மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் ஆறு குறுகிப் பாறைகளுக்கு நடுவே பாய்கிறது. அதில் ரப்பர் படகில் போனோம்.

ஆற்றின் வேகத்துக்கு 1 முதல் 6 வரை தரம் போடுவார்கள். 1 என்றால் சலசலப்பு, 6 என்றால் உயிருக்கே ஆபத்து. கைட்டூனாவில் நாங்கள் போன பகுதி 5. வழியில் டூட்டேயா அருவி, 7 மீட்டர். நம் பிளாக்கில் இரண்டாவது மாடி பால்கனியில் நின்று கீழே எட்டிப் பாருங்கள், ஏறக்குறைய அந்த உயரம். படகோடு அதில் இறங்க வேண்டும்.

மாப்பிள்ளை இரண்டு மாதம் முன்பே சொல்லியிருந்ததால், கிளம்பும் முன் என் டாக்டரிடம் கேட்டேன். “லிஃப்ட் இல்லாமல் நாலு மாடி ஏறுவீர்களா?” என்றார். தினமும் ஏறுகிறேன் என்றேன். போய் வாருங்கள் என்றார். அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு உடை மாற்றப் போய்விட்டார்கள். நான் முழுவதும் படித்தேன், தொழில் பழக்கம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதை எழுதினேன். அதைப் பார்த்து நாலைந்து கேள்விகள் கேட்ட பிறகுதான் லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள்.

கரையிலேயே பயிற்சி. எங்கள் வழிகாட்டி ஒரு மாவோரி இளைஞர், என் மகளைவிடச் சின்னவர். முன்னால் துழாவு, பின்னால் துழாவு, நிறுத்து, கீழே குனிந்து கயிற்றைப் பிடி. இந்த நாலு கட்டளைதான். திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். துடுப்பின் நுனியில் ஒரு குறுக்குப் பிடி இருக்கும். அதிலிருந்து கையை எடுக்கவே கூடாது. எடுத்தால் அது பக்கத்தில் இருப்பவரின் பல்லை உடைத்துவிடும். தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலக் கூடாது. கால் பாறை இடுக்கில் மாட்டினால் ஓட்டம் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். மல்லாந்து, காலை முன்னால் நீட்டி மிதக்க வேண்டும். அருவிக்குக் கீழே விழுந்தால் மட்டும் உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ள வேண்டும், தண்ணீரே வெளியே தள்ளும். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் என்றோ நடந்த ஒரு விபத்து இருக்கும். வங்கியிலும் அப்படித்தானே!

என் மனைவி வரவில்லை. அருவிக்கு எதிரே காட்டுப் பாதையில் பார்வை மேடை இருக்கிறது, அங்கே போய் நின்றுகொண்டாள். “என்னங்க, அந்தத் தம்பி சொல்றத மட்டும் கேளுங்க” என்று சொல்லி அனுப்பினாள்.

படகில் ஏழு பேர். அருவிக்கு முன் அமைதியான இடத்தில் நிறுத்தி, வழிகாட்டி மாவோரி மொழியில் ஒரு பிரார்த்தனை சொன்னார். நான் பிள்ளையாரை நினைத்துக்கொண்டேன். ஆறு விளிம்பில் முடிவது போலத் தெரிந்தது. அதற்கப்புறம் இரைச்சல் மட்டும்தான். “கீழே குனி!” என்று குரல். வயிறு மேலே போனது. படகு மூக்கைக் கீழே விட்டு இறங்கி, கவிழ்ந்தது.

பச்சை, பிறகு வெள்ளை, பிறகு இருட்டு. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. காலை உதைக்கச் சொல்லி உடம்பு துடித்தது. ஆனால் கரையில் பத்துத் தடவை சொன்னது காதில் இருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டேன். கை சும்மா இருந்தால் மனது நோட்டு எண்ணும், எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழில் மார்பு இறுகியது. ஒன்பதில் வெளிச்சம். லைஃப் ஜாக்கெட் மேலே தூக்கிவிட்டது. இருமிக்கொண்டே மல்லாந்து காலை நீட்டினேன். வழிகாட்டி அதற்குள் கவிழ்ந்த படகின் மேல் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஏழு என்று விரல் காட்டினார். கணக்கு டேலி ஆனது.

மேலே நின்றவளும் ஹெல்மெட்களை எண்ணியிருக்கிறாள். ஆறு வரை வந்திருக்கிறது. ஏழாவது நான். “எத்தனை நேரம் ஆச்சு?” என்று கேட்டேன். “அரை மணி நேரம்” என்றாள். அன்று இரவு சாப்பிடவில்லை. எனக்கு உள்ளே செய்ய ஒரு வேலை இருந்தது. அவளுக்கு நிற்பதைத் தவிர எதுவும் இல்லை. இருவரில் அதிகம் பயந்தது யார் என்று இப்போது சண்டை போடுவதில்லை. அவள்தான்.

விடுமுறைக்கு ரிஷிகேஷ், தாண்டேலி என்று பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மூன்று விஷயம் பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டைத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது இறுக்கமாக இல்லை. கரையில் பயிற்சி கொடுக்காமல் படகில் ஏறச் சொன்னால், கட்டிய பணம் போனாலும் திரும்பி வந்துவிடுங்கள். உடம்பில் இருப்பதை மறைக்காதீர்கள்.

தண்ணீருக்கடியில் எனக்குத் தைரியம் வரவில்லை. கரையில் பழகியது கைகொடுத்தது. அடுத்த மாதம் நம் பிளாக்கில் தீ விபத்து ஒத்திகை என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறார்கள். நானும் என் மனைவியும் படியில் இறங்கி வருவோம். நீங்களும் வாருங்கள், தலைகளை எண்ணிக்கொள்ளலாம்.