பழைய காமிராவும் புதிய காமிராவும்



புதிய காமிரா ஒன்று கடைக்கு வந்ததும் கையிலுள்ள பழையதைத் தள்ளிவிட வேண்டுமா? படமெடுப்பதில் ஆர்வமுள்ள இளைஞர் பலர் இவ்வாறு கேட்கின்றனர். சிலர் விடைக்குக் காத்திராமல் கடன்பட்டும் வாங்கிவிடுகின்றனர். இரண்டு படங்களின் வரலாற்றைக் கூறுகிறேன், கேளுங்கள்.

1925-ஆம் ஆண்டில் லைக்கா என்னும் சிறு காமிரா ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. சினிமாப் பிலிமைக் கொண்டு இயங்கிய அது, கையில் அடங்கும் அளவினது. பிரான்ஸ் நாட்டு ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான் 1932-இல் அதனை ஏந்தி, பாரிஸ் நகரத்து சான் லாசார் ரயில் நிலையத்தின் பின்புறம் சென்றார். பலகை வேலியின் இடுக்கு வழியே நோக்கினார். தேங்கிய நீரைத் தாண்ட ஒருவர் பாய்கிறார். குதிகால் இன்னும் நீரைத் தொடவில்லை. அந்த நொடியைப் படமாக்கினார். முக்காலியை நாட்டிக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைப்பவருக்கு அப்படம் கிட்டியிருக்குமா?

இனி அமெரிக்காவுக்கு வருவோம். லைக்கா தோன்றிப் பதினாறு ஆண்டுகள் சென்றபின், 1941-இல், ஆன்செல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோ மாநிலத்தில் காரோட்டிச் சென்றார். ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூர், மாலை நேரம், வானில் நிலவு, கல்லறைச் சிலுவைகளின்மேல் கடைசி வெயில். எட்டங்குல அகலமும் பத்தங்குல நீளமும் உள்ள பிலிமை ஏற்கும் பெரிய பழைய வகைக் காமிராவை விரைந்து நிறுத்தினார். ஒளிமானியைத் தேடினார், அகப்படவில்லை. ஆனால் நிலவின் ஒளி அளவு அவருக்கு மனப்பாடம்! அதைக்கொண்டு மனக்கணக்காகவே நேரத்தை நிர்ணயித்து ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் வெயில் மறைந்துவிட்டது. அகன்ற பிலிமாதலின் நுண்ணிய விவரங்களும் அதில் தெளிவாகப் பதிந்தன. கணக்குப் பாடத்தை வெறுப்போர் இந்நிகழ்ச்சியைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

ஒருவருக்குப் புதியது இன்றியமையாததாயிற்று. மற்றவருக்குப் பழையதே பொருந்திற்று. எனவே, எடுக்க விரும்பும் படத்திற்குக் கையிலுள்ள கருவி எங்கே தடையாக நிற்கிறது என்பதையே முதலில் ஆராய வேண்டும். தடை இன்னதென்று சொல்லத் தெரியாத மாணவர் காமிராவை மாற்றவேண்டாம் என்பதே என் கருத்து.

பிழைப்புக்காகப் படமெடுப்போர் நிலை வேறு. கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-இல் உருவாக்கிய டிஜிட்டல் காமிராவின் படத்தில் பத்தாயிரம் புள்ளிகளே இருந்தன. ஒரு படத்தை நாடாவில் பதிய 23 விநாடிகள் ஆயின. அன்று அதை நம்பித் தம் பிலிம் காமிராவை விற்றவர் நகைப்புக்கு இடமாகியிருப்பார். இன்றோ, ஆட்டம் முடியுமுன் படம் பத்திரிகை அலுவலகம் சேர வேண்டும். அங்கே பிலிமைக் கட்டிக்கொண்டிருப்பவருக்கு வேலை நிலைக்காது.

பழையதை வைத்துக்கொள்வோரும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 1935-இல் வந்த கோடாக்குரோம் வண்ணப் பிலிமின் உற்பத்தி 2009-இல் நிறுத்தப்பட்டது. அதைக் கழுவித் தந்த கடைசி நிலையம், கான்சாஸ் மாநிலத்தில் இருந்தது, 2010 இறுதியோடு புதிய சுருள்களை ஏற்கவில்லை. காமிராக்கள் பழுதின்றி இருந்தும் அந்த வண்ணம் போயிற்று. பிலிமும் மருந்தும் பழுது பார்ப்பவரும் கிடைக்கின்றனரா என்று விசாரித்தபின்பே பழைய காமிராவை நம்புதல் நலம்.

ஆடம்ஸ் 1984-இல் மறைந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, மின்னணு முறையில் வரவிருக்கும் படங்களைத் தாம் ஆவலோடு எதிர்நோக்குவதாக அவர் எழுதியிருந்தார்.