கிழவர்களும் தூக்க மாத்திரையும்



60 வயதைத் தாண்டியவர்களில் அநேகர், இராத்திரி தூக்கம் வருவதில்லை என்கிறார்கள். ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டால் தங்கள் கடமை தீர்ந்துவிட்டதாக வீட்டாரும் கருதிவிடுகிறார்கள். அதில் இலாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டே ஆகவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

கணக்கைப் பாருங்கள். இப்படிப்பட்ட வயதானவர்களிடம் நடந்த 24 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த முடிவு ஒன்று, 2005-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயிற்று. மாத்திரையால் கூடிய தூக்கம் இரவுக்குச் சுமார் 25 நிமிஷந்தான். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், 13 பேருக்குக் கொடுத்து ஒருவருக்குத் தூக்கம் திருந்துகிறது. 6 பேருக்குக் கொடுத்தாலோ ஒருவருக்குக் கெடுதி வந்துவிடுகிறது. இந்த 25 நிமிஷத்துக்காக இடுப்பெலும்பைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனமாகுமா?

மாத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல. டயஸிபாம் வகை தள்ளாட்டத்தையும் மறதியையும் தருவதோடு, விடமுடியாத பழக்கமாகவும் ஆகிவிடும். டயஸிபாம் கிழ உடம்பில் நாட்கணக்கில் தங்கும். அமெரிக்காவில் 1992-ல் அனுமதி பெற்ற ஸோல்பிடெம் சீக்கிரம் கழியும் என்பது உண்மையே. ஆனால் தூக்கத்திலேயே எழுந்து நடப்பதும் வண்டி ஓட்டுவதும் நேருவதால், 2019-ல் அந்நாட்டு மருந்து இலாகா அதற்குக் கடுமையான எச்சரிக்கை விதித்தது. சாதாரணமென்று நினைக்கும் டைபென்ஹைட்ரமின் என்ற அலர்ஜி மருந்தோ, கிழவர்களுக்குப் புத்தித் தடுமாற்றமும் மூத்திர அடைப்பும் உண்டாக்கக்கூடியது. இம்மூன்றையும் முதியோர்க்குத் தவிர்க்கும்படி அமெரிக்க முதியோர் வைத்தியச் சங்கம் சொல்லுகிறது. நடு இரவில் விழித்துக்கொள்பவர்களுக்கு டாக்ஸெபின் 3 அல்லது 6 மில்லிகிராம் என்ற சிறு அளவு இவற்றைவிடச் சாது. லெம்போரெக்ஸன்ட் போன்ற புது மருந்துகளிலும் மறுநாள் மயக்கம் உண்டு.

அப்படியானால் வழி என்ன? மருந்துக்கு முன் பழக்கத்தைத் திருத்தும் சிகிச்சையே முதலாவது என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016-ல் கூறியது. தினம் ஒரே நேரத்தில் எழுங்கள். தூக்கம் வந்த பிறகே படுங்கள். வராவிட்டால் எழுந்து உட்காருங்கள். மூட்டு வலியா, மூத்திரத் தொல்லையா, மனக்கவலையா, மாலைக் காப்பியா, தூக்கத்தைக் கெடுப்பது எது என்று தேடுங்கள்.

ஒன்று மட்டும் எச்சரிக்கிறோம். நெடுநாள் மாத்திரை சாப்பிட்டவர்கள் நமது பேச்சைக் கேட்டு இன்றிரவே நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் வரலாம். வைத்தியரிடம் சொல்லி, சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

நாம் சொன்னதையும் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போனதும் பெரியவர்களின் மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரைப் படியுங்கள். அது எதற்கு, எத்தனை நாளைக்கு என்று வைத்தியரையே கேளுங்கள். கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. கேளாமல் இருந்து கீழே விழுவதில்தான் ஆபத்திருக்கிறது.