வாகனமோட்டிக்குக் கண் முதல் உரிமம்
(பாலிங் வட்டாரத் தோட்ட மக்கள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



பாலிங் என்றதும் வெளியூரார் 1955-ஆம் ஆண்டு டிசம்பர் 28, 29-ஆம் நாட்களில் இங்கு ஆங்கிலப் பள்ளிக் கட்டடத்தில் துங்கு அப்துல் ரஹ்மான், டேவிட் மார்ஷல், சின் பெங் ஆகியோர் கூடி நடத்திய பேச்சு வார்த்தையையே நினைப்பர். இங்கு வாழும் நமக்கோ பாலிங் என்றால் விடியற்காலைப் பனியும், சுண்ணாம்புக் குன்றை ஒட்டி வளைந்து செல்லும் சாலையும், மோட்டார் சைக்கிளில் பால் வெட்டுக்குச் செல்வோரின் விளக்கொளியும் நினைவுக்கு வரும். அந்தச் சாலையில் செல்வோரின் கண்ணைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம்.

நாம் முன்பு ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியராய் இருந்தோம். வகுப்பில் ஒரு சிறுவன் கரும்பலகையில் எழுதியதை எப்பொழுதும் தவறாகவே பார்த்தெழுதுவான். கவனக்குறைவு என்று நாமும் இரண்டு மாதம் கடிந்து கொண்டோம். ஒரு நாள் அவனை முதல் வரிசையில் அமர்த்தியபோதுதான் உண்மை விளங்கியது. அவனுக்குக் குறைந்திருந்தது கவனமன்று, பார்வை. தான் காண்பதைத்தான் எல்லாரும் காண்கின்றனர் என்றே அவன் எண்ணியிருந்தான். பார்வை குன்றிய பெரியவர்களின் நிலையும் இதுவே. கால் வலித்தால் தெரியும், பல் வலித்தால் தெரியும். கண் மங்குவதோ வலியின்றி, நாளுக்கு நாள், உடையவர் அறியாமலே நடைபெறுகிறது.

சட்டம் கூறுவதை முதலில் பார்ப்போம். நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, வாகனமோட்டும் உரிமம் கோருவோரின் உடல் தகுதியைப் பற்றியது. தாம் வாகனமோட்டுவதால் பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய நோயோ குறையோ தமக்கு உண்டா என்பதை விண்ணப்பிப்பவர் உண்மையாக அறிவிக்க வேண்டும். பதினாறு வயதில் மோட்டார் சைக்கிள், பதினேழில் கார் என்று உரிமம் நாடும் நம் இளைஞர்கள் எழுதும் கணினித் தேர்வில் 50 வினாக்கள். 42-க்குச் சரியாக விடையளிக்க வேண்டும். நிறங்களைப் பிரித்தறியும் திறனும் அப்பொழுது பார்க்கப்படுகின்றது. லோரி, பேருந்து ஓட்டுவோருக்கான தொழில் உரிமத்திற்கு மருத்துவரின் பரிசோதனை அறிக்கையும் தேவை.

மருத்துவர் சுவரில் தொங்கவிடும் எழுத்து அட்டையை 1862-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டுக் கண் மருத்துவர் ஸ்னெல்லன் உருவாக்கினார். 6/6 என்றும் 6/12 என்றும் எழுதுகின்றனரே, அதன் பொருள் யாது? நல்ல கண்ணுடையவர் 12 மீட்டர் தூரத்திலிருந்து வாசிக்கும் எழுத்தை 6 மீட்டருக்கு நெருங்கி வந்தால்தான் வாசிக்க முடிகிறது என்பதே 6/12. சுவர் அட்டைக்கு முன் இது சிறு குறை. சாலையில் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். நல்ல கண் 60 மீட்டருக்கு அப்பால் வாசிக்கும் அறிவிப்புப் பலகையை 6/12 கண் 30 மீட்டரில்தான் வாசிக்கும். மூன்றரை வினாடி இருந்த அவகாசம் இரண்டு வினாடிக்கும் குறைந்து விடுகின்றது. மழையும் இருட்டும் சேர்ந்தால் அதுவும் இல்லை.

நிறப் பரிசோதனைக்குரிய புள்ளிப் படங்களை 1917-இல் வெளியிட்டவர் ஜப்பானியரான இஷிஹாரா. சிவப்பும் பச்சையும் மயங்கும் இக்குறை ஆண்களில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பேர் வரை காணப்படுகிறது. பெண்களிடம் மிக அரிது. தாயின் வழியாக மகனுக்கு வருவது. ஆதலால் மகனைத் திட்டிப் பயனில்லை, தாயைக் குறை கூறுவதோ அதனினும் அறிவீனம். இந்தியாவில் இக்குறையுடையோர் நெடுங்காலம் உரிமம் பெற இயலாதிருந்தனர்; 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அங்கு விதிகள் திருத்தப்பட்டு, குறைந்த அளவிலும் நடுத்தர அளவிலும் நிறம் மயங்குவோர் ஓட்டலாம் என்றாயிற்று. லோரி ஓட்டுவதே இலட்சியம் என்று கூறும் மகன் நம் வீட்டில் இருந்தால், பணம் கட்டி வகுப்பில் சேருமுன் கண்ணைச் சோதித்து விடுவது நலம். பின்னர் ஏமாற்றம் அடைவதைக் காட்டிலும் இப்பொழுதே அறிந்து கொள்வது மேல் அல்லவா?

இனி, மனத்தை உறுத்தும் ஒன்றைக் கூற வேண்டும். பால் லோரி ஓட்டிய பெரியவர் ஒருவரை நாம் அறிவோம். அறுபதை நெருங்கியவர், பொறுப்பானவர். பரிசோதனைக்குச் செல்லும்போது வரிசையில் தமக்கு முன் நிற்பவர் உரக்க வாசிப்பதைக் கேட்டு, அட்டையின் எழுத்துகளை மனப்பாடம் செய்து ஒப்புவித்துவிடுவாராம். இதனை அவரே நம்மிடம் சிரித்துக்கொண்டு கூறினார். பிறகு சிரிப்பு அடங்கியது. “ஐயா, கண் சரியில்லை என்று எழுதிவிட்டால் லோரிச் சாவியை வாங்கிக் கொள்வார்கள். மகள் இன்னும் படிக்கிறாள்” என்றார். அவர் கேட்டதற்கு நம்மிடம் உடனே மறுமொழி இல்லை. வேலையிழக்கும் அச்சத்தை ஏளனம் செய்ய நமக்கு உரிமை கிடையாது.

ஆயினும் அவரை அழைத்துச் சென்று காட்டியபோது, இரு கண்களிலும் புரை முற்றியிருந்தது தெரிந்தது. கண்புரை என்பது கண்ணிலுள்ள வில்லை வெண்மையாய் மங்குவது. எதிரே வரும் வாகனத்தின் விளக்கொளி பூத்துச் சிதறித் தெரிவது இதன் அடையாளங்களுள் ஒன்று. மங்கிய வில்லையை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்தும் அறுவைச் சிகிச்சை அரசாங்க மருத்துவமனைகளில் செய்யப்படுகிறது. அவருக்கும் ஒரு கண்ணிற்குப் பின் மற்றொன்றாக நடந்தது. அவர் மறைத்த ஆண்டுகளெல்லாம் வீணான ஆண்டுகள். அவை எத்துணை ஆபத்தான ஆண்டுகள் என்பதை அவரே பின்னர் எண்ணி நடுங்கினார். தூரப்பார்வை மட்டும் குறைந்தவருக்கோ அறுவையும் வேண்டா, கண்ணாடி போதும். கண்ணாடி அணிந்தால் உரிமம் போய்விடும் என்று லயங்களில் உலவும் பேச்சு தவறானது. கண்ணாடியோடு பார்க்கும் பார்வையே கணக்கில் கொள்ளப்படுகிறது.

நீரிழிவைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், நாட்டின் வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியரிடையே அது 31. சர்க்கரை நோய் கண்ணின் பின்புறத் திரையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கும். தொடக்கத்தில் பார்வை நன்றாகவே இருக்கும். சர்க்கரைக்கு மாத்திரை வாங்கச் செல்வோர், ஆண்டுக்கு ஒரு முறை கண்ணின் உட்புறத்தையும் பார்க்கும்படி மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படுவது நம்மவரின் பழக்கம். அதை மாற்றிக் கொள்ளலாம்.

இங்கிலாந்தில் வாகனமோட்டத் தேர்வெழுதுவோர் 20 மீட்டர் தூரத்திலுள்ள வாகனத்தின் எண் பலகையை வாசித்துக் காட்ட வேண்டும். இந்தியாவில் 25 மீட்டர். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. மருத்துவரின் சோதனைக்கு இது ஈடாகாது எனினும், முதல் எச்சரிக்கையாக உதவும்.

மண்டபத்தின் வெளியே தோட்ட லோரி நிற்கின்றது. அதன் எண் பலகையிலிருந்து 20 மீட்டர் அளந்து, சுண்ணாம்பினால் கோடு போட்டு வைத்திருக்கின்றோம். எண்ணைப் பார்த்துவிட்டவர்கள் தயவுசெய்து பிறருக்குச் சொல்லாதீர்கள். மனப்பாடக்காரர்கள் நம்மிடையே இன்னும் இருக்கக்கூடும். ஒரு கண்ணைக் கையால் மூடி, பின் மறு கண்ணை மூடி வாசியுங்கள். முதலில் வாகனமோட்டுவோர் வாருங்கள், அவர்களுக்குப் பின்னால் அமர்ந்து செல்வோர் அடுத்து வரலாம். தேநீர் அதற்குப் பிறகு வழங்கப்படும்.