ஸ்டீயரிங் திருப்பினா கிரீச்: மூங்கில்துறைப்பட்டுல ஒரு தண்ணி பாட்டில்

இன்னைக்கு முதல்ல ஒரு சத்தம் கேட்டுடலாம்.

(நின்றிருக்கும் காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது வரும் ஒலி)

கேட்டுச்சா? எண்ணெய் போடாத பழைய மரக்கதவைத் திறக்கிற மாதிரி ஒரு இழுவை. என் கார் முன்பக்கத்துல மூணு மாசம் குடியிருந்த சத்தம் இது. அதைக் கண்டுபிடிக்க நான் செலவு பண்ண பணத்தையும், கடைசியில அதைக் கண்டுபிடிச்சுக் கொடுத்த ஒரு தண்ணி பாட்டிலையும் பத்தித்தான் இந்த எபிசோடு.

கதை 2024 டிசம்பர்ல ஆரம்பிக்குது. எங்க அம்மா ஊர் மூங்கில்துறைப்பட்டு. திருவண்ணாமலையில இருந்து சங்கராபுரம் போற வழியில, தென்பெண்ணைக் கரையில இருக்கிற ஊர். கள்ளக்குறிச்சி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது இங்கதான். அந்த டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழையில சாத்தனூர் அணை நிரம்பி, ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தண்ணி திறந்துவிட்டாங்க. சாத்தனூருக்குக் கீழ ஆத்தோரம் இருந்த ஊர்களெல்லாம் என்ன பாடுபட்டுச்சுன்னு செய்தியில பார்த்திருப்பீங்க. தண்ணி வடிஞ்சதும் தாத்தா, ஆயாவைப் பார்க்கப் போனேன். ரோடு பல இடத்துல சேறு. சில இடத்துல பாதி சக்கரம் முங்குற அளவுக்குத் தண்ணி. மெதுவா ஓட்டிப் போய் வந்தேன், வண்டிக்கு ஒண்ணும் ஆகலைன்னு ஒரு பெருமை வேற.

பிப்ரவரியில சத்தம் ஆரம்பிச்சது. பார்க்கிங்ல ஸ்டீயரிங் திருப்பினா கிரீச். ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினா லேசா கிரீச். சென்னையில ஒரு பெரிய வொர்க்‌ஷாப்ல விட்டேன். லிங்க் ராட் போயிருக்குன்னு ரெண்டு பக்கமும் மாத்திக் கொடுத்தாங்க. டெலிவரி எடுக்கும்போது சத்தமே இல்லை. சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன். மூணாவது நாள் திரும்ப அதே கிரீச்.

மறுபடி விட்டேன். இந்த முறை 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட்: ரெண்டு ஷாக் அப்சார்பர், ரெண்டு லோயர் ஆர்ம், ஸ்டீயரிங் ரேக்கும் ‘பார்க்கணும்’னு ஒரு வரி. எது சத்தம் போடுதுன்னு கேட்டா, எல்லாமே பழசாயிருச்சு சார்னு பதில். இது எனக்குப் பிடிக்கலை. தலைவலின்னு போனா கழுத்துக்கு மேல எல்லாத்தையும் மாத்திடலாம்னு சொல்ற டாக்டரை நம்புவீங்களா? யோசிச்சு சொல்றேன்னு வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.

மே மாசம் ஊர்ல எல்லாரும் சேர்ந்து கல்வராயன் மலைக்குப் போறதா பிளான். கச்சிராயபாளையம் வழியா மலையேறி, வெள்ளிமலை, கரியாலூர். என் வண்டியில நான், ஆயா, ரெண்டு அக்கா பசங்க. கிளம்பறதுக்கு முந்தின நாள் மாமா வண்டியில உட்கார்ந்து ஒரு ரவுண்டு வந்தாரு. “இந்தச் சத்தத்தோடவா மலையேறப் போற?”ன்னு கேட்டுட்டு, கரும்பு டிராக்டர் வேலை பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட கூட்டிட்டுப் போனாரு.

எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். டிராக்டர் மெக்கானிக்குக் கார் தெரியுமான்னு. அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதல்ல கேள்விதான் கேட்டாரு.

“தம்பி, வண்டி நிக்கும்போது வருதா, ஓடும்போது வருதா?”

“ரெண்டுலயும்ணே.”

“மழை பேஞ்சா?”

அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. மழை பெய்ஞ்ச நாள்ல சத்தம் வந்ததே இல்லை. வாட்டர் வாஷ் பண்ணினா ரெண்டு நாள் வராது. அந்த வொர்க்‌ஷாப்ல டெலிவரிக்கு முன்னாடி என்ன பண்ணினாங்க? வாட்டர் வாஷ். லிங்க் ராட் மாத்தினதால சத்தம் நின்னுச்சுன்னு அவங்களும் நம்பியிருக்காங்க, நானும் நம்பியிருக்கேன். நிறுத்தினது தண்ணி.

இந்த இடத்துல கொஞ்சம் டெக்னிக்கல். நம்ம ஊர்ல ஓடுற சின்னக் கார்கள்ல பெரும்பாலும் முன்பக்கம் இருக்கிறது மெக்பெர்சன் ஸ்ட்ரட். எர்ல் மெக்பெர்சன்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் 1940கள்ல வடிவமைச்சது. ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணா நிற்கும். மேல் முனை வண்டியோட பாடியில, ஒரு ரப்பர் மவுண்ட்டும் பேரிங்கும் வழியா மாட்டியிருக்கும். சக்கரம் திரும்பும்போது இந்தத் தூண் முழுசும் சேர்ந்து திரும்பும். கீழே லோயர் ஆர்ம். அதோட உள்பக்கம் ரப்பர் புஷ் வழியா வண்டியோட சேரும். வெளிப்பக்கம் பால் ஜாயின்ட் வழியா சக்கரத்தோட சேரும். பால் ஜாயின்ட் நம்ம தோள்பட்டை மூட்டு மாதிரி, குழிக்குள்ள ஒரு உருண்டை. உள்ளே கிரீஸ், வெளியே ரப்பர் பூட்.

இப்போ அண்ணன் பண்ண சோதனையைப் பாருங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேரா வச்சுட்டு, முன்பக்கத்தைக் கையால அமுக்கி அமுக்கி விட்டாரு. லேசா கிரீச். அடுத்து, அமுக்காம என்னை ஸ்டீயரிங்கை மட்டும் மெதுவா திருப்பச் சொன்னாரு. பெருசா கிரீச்.

ஏன் இப்படிப் பிரிக்கணும்? அமுக்கும்போது மட்டும் வந்தா, மேலும் கீழும் அசையுற பாகங்கள்தான் சந்தேகம்: லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் பார் புஷ். திருப்பும்போது மட்டும் வந்தா, திரும்புற பாகங்கள்: ஸ்ட்ரட் மேல இருக்கிற பேரிங், டை ராட் எண்ட், இல்லைன்னா ஸ்டீயரிங் தண்டு. ரெண்டுலயும் அசையுற பாகம் முக்கியமா பால் ஜாயின்ட். சக்கரம் ஏறி இறங்கினாலும் அது சுழலும், திரும்பினாலும் சுழலும். ரெண்டு சோதனையிலயும் சத்தம் வந்தா முதல்ல அங்க பாருங்க.

ஸ்ட்ரட் பேரிங் போனா சத்தமே வேற மாதிரி இருக்கும். ஸ்பிரிங் சுத்த முடியாம முறுக்கிக்கிட்டே போய், ஒரு கட்டத்துல ‘டொய்ங்’னு விடும். ஒருத்தர் ஸ்டீயரிங் திருப்ப, இன்னொருத்தர் ஸ்பிரிங்கோட வெளிப்பக்கத்துல உள்ளங்கையை வச்சா அந்தத் துள்ளல் கையிலேயே தெரியும். வெளிப்பக்கம் மட்டும்தான், சரியா? ஸ்பிரிங் சுருளுக்கு நடுவுல விரலை விடவே கூடாது.

காது ஏன் பத்தாதுன்னா, சத்தம் இரும்பு வழியா ஓடும். இடது பக்கம் உண்டாகிற சத்தம் வலது பக்கம் கேட்கும். எனக்கு டிரைவர் பக்கம்னே தோணிட்டு இருந்துச்சு. அண்ணன் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரோட முனையை ஒவ்வொரு பாகத்து மேலயும் வச்சு, பிடியைக் காதுல ஒட்டிக் கேட்டாரு. இடது பக்கம், கீழேன்னு முடிவு பண்ணிட்டாரு.

அப்புறம்தான் பாட்டில். ஒரு பழைய தண்ணி பாட்டில், மூடியில ஆணியால ஒரு ஓட்டை. நான் ஆர்வக்கோளாறுல மேல ஸ்பிரிங் மேல அடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாரு. “மேல ஊத்தினா கீழ வரைக்கும் நனையும். அப்புறம் எது கத்துச்சுன்னு யாரைக் கேப்ப? கீழேர்ந்து வா.” எவ்ளோ எளிமையான தர்க்கம்! அதனால எல்லாத்துக்கும் கீழ இருந்த இடது பால் ஜாயின்ட்ல முதல்ல தண்ணி அடிச்சாரு. நான் ஸ்டீயரிங்கை நாலு தடவை முழுசா திருப்பினேன். நாலாவது தடவை சத்தம் இல்லை.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. ரப்பர் புஷ் மேல தண்ணி பட்டு சத்தம் நின்னா அது இயல்புதான். காய்ஞ்ச ரப்பர் உரசல் தண்ணியில அடங்கும், பெரும்பாலும் பெரிய ஆபத்தும் இல்லை. ஆனா நல்ல பால் ஜாயின்ட் மேல எவ்வளவு தண்ணி அடிச்சாலும் எதுவும் மாறக் கூடாது, ஏன்னா பூட் அதை உள்ளே விடாது. சத்தம் மாறுதுன்னா தண்ணி உள்ளே போகுதுன்னு அர்த்தம். டார்ச் அடிச்சுப் பார்த்தோம். பூட்டோட உள்பக்க மடிப்புல ஒரு கிழிசல், அதுல காய்ஞ்சு போன சேறு. டிசம்பர் சேறு.

ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைத் தூக்கினோம். மத்த சக்கரங்களுக்குக் கட்டை வச்சு, பாடிக்கு அடியில ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் அவர் கையை வச்சாரு. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில தலையைக் கொடுக்காதீங்க, ஜாக்கி சறுக்கும். சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா ஆட்டம் தெரிஞ்சது. என்னை பிரேக் அமுக்கச் சொன்னாரு. வீல் பேரிங்ல ஆட்டம் இருந்தா பிரேக் பிடிச்சதும் அடங்கிடும். இது அடங்கலை. சக்கரத்தோட ரெண்டு பக்கத்தையும் பிடிச்சு ஆட்டிப் பார்த்தாரு, அங்க ஆட்டம் இருந்தா டை ராட் எண்ட்டோ ரேக்கோ காரணமா இருக்கும். அது கெட்டியா இருந்துச்சு. ரேக்குல ஒண்ணும் இல்லை.

“இத வச்சிக்கிட்டா மலையேறலாம்னு இருந்த?”ன்னு அப்பதான் கேட்டாரு. பால் ஜாயின்ட் முதல்ல கிரீஸ் இழந்து கிரீச்னு கத்தும். துரு பிடிச்சுத் தேயும். தேஞ்சு லூசானதும் கிரீச் குறைஞ்சு ‘டொக் டொக்’னு தட்ட ஆரம்பிக்கும். கடைசியா உருண்டை குழியை விட்டு வெளியே வந்துடும். அந்த நொடியில சக்கரம் மடிஞ்சு படுத்துக்கும், ஸ்டீயரிங் நம்ம கையில இருக்காது. வளைவுல ஆயாவையும் பசங்களையும் வச்சுக்கிட்டு நான் இறங்குறதை யோசிச்சேன். மேல எதுவும் பேசத் தோணலை.

மலைக்குப் பசங்க மாமா வண்டியில போனாங்க. நான் பார்ட்டுக்காகக் காத்திருந்தேன். என் கார்ல பால் ஜாயின்ட்டைத் தனியா மாத்த முடியாது, லோயர் ஆர்மோட சேர்ந்துதான் வரும். இடது பக்கம் மட்டும் மாத்தினோம். வலது பக்கம் பூட் முழுசா இருந்துச்சு, ஆட்டம் இல்லை, விட்டுட்டோம். ஷாக் அப்சார்பர்னா ஜோடியா மாத்துறதுதான் சரி. இதுக்கு அந்தக் கட்டாயம் இல்லைன்னு அவர் சொன்னதை நானும் ஒத்துக்கிறேன்.

மாட்டும்போது அவர் பண்ண ஒரு விஷயத்தை நீங்க எந்த வொர்க்‌ஷாப்லயும் கவனிக்கணும். புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முழுசா இறுக்கலை. வண்டியைத் தரையில இறக்கி, முழு எடையும் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கும்போதே இறுக்கினா, வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கின நிலையிலேயே நிற்கும். சீக்கிரம் கிழியும், புது பார்ட்டே கத்த ஆரம்பிக்கும். மறுநாள் கள்ளக்குறிச்சி போய் வீல் அலைன்மென்ட் பார்த்தேன். பார்ட்டு, கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து அந்த எஸ்டிமேட்ல ஆறுல ஒரு பங்குகூட ஆகலை.

லிங்க் ராட் பத்தி ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அதுக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கு. ஸ்பீடு பிரேக்கர்ல ரெண்டு முன்சக்கரமும் ஒண்ணா ஏறினா ஸ்டெபிலைசர் பார் முறுக்காது, லிங்க் ராட்டுக்கு அதிகம் வேலையே இல்லை. கொஞ்சம் சாய்வா, ஒவ்வொரு சக்கரமா ஏத்தினா முறுக்கும். சாய்வா ஏறும்போது மட்டும் ‘டக் டக்’னு கேட்டா லிங்க் ராட்டைச் சந்தேகப்படலாம். என் வண்டி எப்படி ஏறினாலும் கத்துச்சு. அந்த வொர்க்‌ஷாப் வாசல்லயே ஸ்பீடு பிரேக்கர் இருக்கு.

முழுசா ஒடிச்சு ஓட்டும்போது ‘கட கட’ன்னு வந்தா அது டிரைவ் ஷாஃப்ட், வேற எபிசோடு. மண் ரோட்டுல போய் வந்ததும் திடீர்னு காது கிழியுற மாதிரி சத்தம் வந்தா பயப்படறதுக்கு முன்னாடி பிரேக் டிஸ்க்குக்கும் அதுக்குப் பின்னாடி இருக்கிற தகட்டுக்கும் நடுவுல கல் மாட்டியிருக்கான்னு பாருங்க. அப்புறம், சத்தத்தை அடக்க ரப்பர் புஷ் மேல எஞ்சின் ஆயிலோ கிரீஸோ தடவாதீங்க, ரப்பர் ஊறிக் கெட்டுப் போகும். வேணும்னா சிலிகான் ஸ்ப்ரே.

என் வண்டியில இன்னும் ஒரு சின்ன ‘க்விக்’ இருக்கு, கேபினுக்குள்ள, பெடல் பக்கத்துல. ஸ்டீயரிங் தண்டு எஞ்சின் பக்கம் போற இடத்துல இருக்கிற ரப்பர் உறை. எங்கேன்னு தெரிஞ்சதால அதை அப்படியே விட்டு வச்சிருக்கேன். உங்க வண்டிச் சத்தத்தை அனுப்புறவங்க, எப்போ வருது, மழையில வருதா இல்லையான்னு ஒரு வரி சேர்த்து அனுப்புங்க. அடுத்த வாரம் வீல் பேரிங் பத்திப் பேசலாம்.